வல்லம் தந்த எண்ணறிஞர்

தோற்றுவாய்

குற்றாலம் என்றதும் அருவி நினைவுக்கு வரும். ஆனி ஆடிச் சாரல் நினைவுக்கு வரும். கையிலிருக்கும் பழத்தைப் பறித்துச் செல்லும் குரங்கும் நினைவுக்கு வரும். இலக்கியப் பழக்கம் உடையோர்க்குத் திரிகூடராசப்பக் கவிராயரும், ரசிகமணி டி.கே.சி.யும் நினைவுக்கு வருவர். ஆனால் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் அருகே வல்லம் என்றோர் ஊர் இருப்பதும், அவ்வூரில் பிறந்த ஒருவரின் பெயர் உலகக் கணித நூல்களில் நிலைத்திருப்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்றாண்டுகளாகக் கணிதம் பயிலும் எனக்கே இறுதியாண்டில்தான் தெரிய வந்தது. வெட்கத்தோடுதான் இதனைச் சொல்கிறேன்.

தெரிய வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற சாரல் காலத்தில் பொறியியல் படிக்கும் என் நண்பன் ஒருவன் தன் மடிக்கணிப்பொறியில் ஓர் அணையை எனக்குக் காட்டினான். மண்ணும் கல்லும் இல்லாமல் எண்களாலேயே கட்டப்பட்ட அணை அது. அதன்மேல் மழை பெய்தது, நீர் ஏறியது, மறுகால் பாய்ந்தது. ஓராண்டு முடிந்ததும் அடுத்த ஆண்டு தொடங்கியது. சிறிது நேரத்தில் ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. எந்த நாளில் எவ்வளவு மழை பெய்ய வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டேன். கணிப்பொறியே சமவாய்ப்பு எண்களை உதிர்க்கும், அதன்படி மழை பெய்யும் என்றான். அந்த எண்கள் உண்மையிலேயே ஒழுங்கற்றவைதாம் என்பதற்கு யார் பொறுப்பு என்று மீண்டும் கேட்டேன். அது உங்கள் கணக்குக்காரர்கள் பாடு என்று சிரித்துவிட்டான்.

அருகிலிருந்த என் மாமா, கலைக் கல்லூரியில் கணக்குப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று வழக்கம்போல் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நண்பனின் கேள்விக்கும் மாமாவின் கேள்விக்கும் விடை தேடப் புகுந்தபோதுதான் எஸ். எஸ். பிள்ளை என்னும் பெயர் என் கண்ணில் பட்டது. அன்னாரின் வாழ்க்கையை நம் கல்லூரி மலரில் சுருக்கமாக எழுத விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் வல்லத்தில் பிறந்தார். தந்தை சுப்பையா பிள்ளை. தாய் கோமதி அம்மாள். பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் தாய் மறைந்தார். தந்தையும், வயது முதிர்ந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவரும் சேர்ந்து குழந்தையை வளர்த்தனர்.

சிறுவன் செங்கோட்டைப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நம் மாநிலத்தோடு அது இணைந்தது 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான். அப்பள்ளியில் சாஸ்திரியார் என்று அழைக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் இருந்தார். சிறுவனின் கூர்மையைக் கண்டு அவன்பால் தனி அன்பு கொண்டார் அவர்.

பள்ளியின் இறுதியாண்டில் பேரிடி விழுந்தது. தந்தையும் காலமானார். தாயும் தந்தையும் இல்லை. கையில் பணமும் இல்லை. அத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஏதேனும் கடையில் கணக்கெழுதப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வேளையில் சாஸ்திரியார் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து மாணவனின் படிப்புக்குக் கொடுத்தார். பள்ளி ஆசிரியரின் சம்பளம் அந்நாளில் எத்தகையது என்பதை நாம் அறிவோம். அந்தச் சம்பளத்திலிருந்து பிரிந்த சில ரூபாய்கள் இல்லையேல் இந்தக் கட்டுரைக்குப் பொருளே இல்லை.

பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. வகுப்பும் பயின்று தேறினார். இன்று நம் கல்லூரிகளில் பயிலும் பலரைப் போலவே அன்னாரும் வீட்டில் வழிகாட்ட ஆளின்றி, ஆசிரியரை நம்பி மேலே வந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆய்வுக் களம்

1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். கே. ஆனந்த ராவ், ஆர். வைத்தியநாதசுவாமி ஆகிய இரு பேராசிரியர்களின் நிழலில் ஆய்வு தொடங்கியது. ஆனந்த ராவ் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பயின்றவர். இராமானுஜன் மறைந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எண் கோட்பாடு என்னும் துறை நம்மவர்க்கும் கைவரும் என்ற நம்பிக்கை சென்னையில் வேரூன்றியிருந்தது.

1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டிலேயே பிள்ளையவர்கள் அங்கு விரிவுரையாளராகச் சென்றார். 1941 வரை அங்கேயே பணியாற்றினார். வாழ்வின் சிறந்த ஆய்வுகள் யாவும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்தவையே. சர்வதாமன் சௌலா என்னும் மற்றொரு பெரும் எண்ணறிஞரோடு 1930-இலேயே கூட்டாகக் கட்டுரை எழுதினார். இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்தும் தொடர்ந்து நடந்தது. பிள்ளையவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது.

எழுநூற்று மூன்றின் கதை

பிள்ளையவர்களின் புகழுக்குக் காரணமான கணக்கைப் பள்ளிச் சிறுவனுக்கும் புரியும்படி சொல்லலாம். 7 என்ற எண்ணை வர்க்க எண்களின் கூட்டலாக எழுத வேண்டுமானால் 4, 1, 1, 1 என்று நான்கு எண்கள் தேவை. மூன்றில் முடியாது. எந்த முழு எண்ணை எடுத்தாலும் நான்கு வர்க்கங்களே போதும் என்று 1770-இல் லக்ராஞ்சி நிறுவினார். அதே ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்டு வாரிங் என்பவர், கன எண்களானால் ஒன்பது போதும், நான்காம் அடுக்குகளானால் பத்தொன்பது போதும், இவ்வாறே ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வரம்பு உண்டு என்று நிரூபணமின்றி எழுதி வைத்தார். அப்படி ஒரு வரம்பு உண்டு என்பதை மெய்ப்பிக்கவே 1909 வரை ஆயிற்று. அதனைச் செய்தவர் ஜெர்மனியின் டேவிட் ஹில்பர்ட். ஆனால் அந்த வரம்பு எந்த எண் என்பது அடுக்குக்கு அடுக்குத் தனித்தனிப் போராட்டமாக நின்றது.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. இப்போது 703 என்ற எண்ணைப் பாருங்கள். 729 இதைவிடப் பெரியது, ஆகவே பயன்படாது. 64-ஐப் பத்து முறை வைத்தால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள் வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. எனவே 73-க்குக் குறைந்தால் நடவாது என்பதை நாமே கண்டுகொண்டோம். எல்லா எண்களுக்கும் 73 போதுமா? எண்களோ முடிவற்றவை. அங்கேதான் மலை தொடங்குகிறது.

1936-இல் பிள்ளையவர்கள் ஏழும் அதற்கு மேற்பட்டதுமான அடுக்குகளுக்கு, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, வரம்பைத் தரும் பொது வாய்பாட்டை நிறுவினார். அமெரிக்காவின் லெனார்ட் டிக்சனும் அதே காலத்தில் தனியாக அதனைக் கண்டார். வாய்பாடு எளியது. 2-இன் அந்த அடுக்கையும், ஒன்றரையின் அந்த அடுக்கில் முழு எண் பகுதியையும் கூட்டி, இரண்டைக் கழிக்க வேண்டும். ஆறாம் அடுக்குக்கு இதைப் போட்டுப் பார்த்தால் 64-உம் 11-உம் சேர்ந்து 75. இரண்டு போக 73. ஆயினும் ஆறாம் அடுக்கு அந்தப் பொது நிரூபணத்துக்குள் அடங்கவில்லை. அதனைத் தனியே எடுத்துக்கொண்டு, 73 போதும் என்று 1940-இல் பிள்ளையவர்கள் நிறுவினார்.

கணிப்பொறி நம் நாட்டில் காலடி வைக்காத காலம் அது. காகிதமும் பென்சிலும் பொறுமையும்தாம் துணை. பின்னாளில் ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று 1964-இல் சீனாவின் சென் ஜிங்ருன் காட்டினார். நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்பதை 1986-இல் நம் நாட்டு ஆர். பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் இருவரும் சேர்ந்து முடித்தனர். நான்கும் ஐந்தும் ஆறுக்குப் பிறகே பிடிபட்டன என்பதிலிருந்து வல்லத்துக்காரர் எவ்வளவு முன்னால் நடந்தார் என்று விளங்கும். பொது வாய்பாட்டின் நிபந்தனையைக் கணிப்பொறி கொண்டு சோதித்தவர்கள், 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரை அது பொய்க்கவில்லை என்று 1990-இல் அறிவித்தனர்.

இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து வரும் முழு எண்கள் பதினாறு வரை எத்தனையை எடுத்தாலும், அவற்றுள் ஒன்றேனும் மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணியின்றி நிற்கும். பதினேழு எடுத்தால் அந்த விதி உடைந்துவிடும். 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள், உடைவது தெரியும். இதனை நிறுவியவர் பிள்ளையவர்கள். 4, 8, 9, 16, 25, 27 என்று செல்லும் அடுக்கு எண்களிடையே உள்ள இடைவெளி, போகப் போக எந்த எல்லையையும் தாண்டி வளரும் என்று அன்னார் ஓர் ஊகமும் வைத்தார். பிள்ளையின் ஊகம் என்ற பெயரோடு அது இன்றும் நிரூபணத்துக்காகக் காத்திருக்கிறது.

இயல்நிலை எண்கள்

நண்பனின் கேள்விக்கு விடை கிடைத்த இடம் இதுதான்.

ஓர் எண்ணின் தசம இலக்கங்கள் முடிவின்றிச் செல்கின்றன என்று கொள்வோம். அவற்றில் எந்த ஒழுங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பத்து இலக்கங்களும் சரிசமமாக, பத்தில் ஒரு பங்கு வீதம், வந்தால் போதும் என்று தோன்றும். போதாது. 1234567890 என்பதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு போனால் ஒவ்வோர் இலக்கமும் பத்தில் ஒரு பங்குதான் வரும். ஆனால் இரண்டிரண்டாக வெட்டிப் பார்த்தால் 12, 34, 56, 78, 90 என்ற ஐந்தே இணைகள். வர வேண்டிய நூறில் தொண்ணூற்றைந்து இணைகள் எட்டிப் பார்க்கவேயில்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது.

ஒற்றை இலக்கம், இணை, மும்மை, நான்மை என எந்த நீளத் துண்டை எடுத்தாலும் எல்லாத் துண்டுகளும் சமமான அளவில் வருமானால் அந்த எண்ணை இயல்நிலை எண் என்பர். 1909-இல் பிரெஞ்சு அறிஞர் எமில் போரல் இக்கருத்தை வகுத்தபோது கடுமையான நிபந்தனை விதித்தார். முதல் இலக்கத்திலிருந்து வெட்டி எண்ணினால் மட்டும் போதாது. ஓர் இலக்கம் தள்ளி வெட்டியும், இரண்டு தள்ளி வெட்டியும், இவ்வாறு ஒவ்வொரு தொடக்கத்திலிருந்தும் எண்ண வேண்டும் என்றார். 1939, 1940-ஆம் ஆண்டுகளில் பிள்ளையவர்கள் இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் சிறு கட்டுரைகள் இரண்டு எழுதினார். தள்ளித் தள்ளி எண்ணும் வேலை வேண்டாதது. தொடக்கத்திலிருந்தே ஒன்றொன்றாக, இரண்டிரண்டாக, மும்மூன்றாக என எல்லா நீளங்களிலும் வெட்டி எண்ணி, ஒவ்வொன்றிலும் சமநிலை இருந்தால் போதும் என்று நிறுவினார். போரல் கேட்ட சாட்சிகளில் பெரும்பகுதியை மிகையென்று நீக்கியதுதான் அந்தத் தேற்றம்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று 1940-இல் கேட்டிருந்தால் பிள்ளையவர்களிடம் விடை இருந்திருக்குமா? ஐயமே. எண்ணின் அழகுக்காக எழுதப்பட்ட கட்டுரைகள் அவை.

மறுகாலும் கணிப்பொறியும்

பத்து ஆண்டுகள் கழியுமுன் காலம் மாறியது. 1946-இல் அமெரிக்காவில் ஸ்டானிஸ்லா உலாம் என்னும் கணித அறிஞர் நோயிலிருந்து தேறி வரும்போது தனியாளாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்று, அது கடினமாகவே, நூறு முறை ஆடி எத்தனை முறை வெல்கிறது என்று எண்ணிவிட்டால் என்ன என்று எண்ணினார். அந்த எண்ணத்தை ஜான் வான் நாய்மன் கணிப்பொறிக்குக் கொண்டு சென்றார். முதலில் அது பயன்பட்டது அணு ஆயுத ஆய்வுக்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரால் மாண்டி கார்லோ முறை என்று அழைக்கப்பட்ட அது, விரைவில் பொறியியல் எங்கும் பரவியது. இன்று சிமுலேஷன் என்று மாணவர்கள் சொல்லும் பாவனைச் சோதனையின் பெருங்கிளைகளுள் அதுவும் ஒன்று.

நம் ஊர் அணையை வைத்தே இதனை விளக்கலாம். அடவிநயினார், குண்டாறு, கருப்பாநதி, இராமநதி, கடனாநதி என்று நம்மைச் சுற்றி அணைகள் உள்ளன. ஓர் அணைக்கு மறுகால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். அகலம் குறைந்தால் பெருமழையில் நீர் அணைமேல் வழிந்து அணையே போய்விடும். அகலம் கூடினால் பணம் வீண். இருப்பதோ சில பத்தாண்டுகளின் மழைக் கணக்கு மட்டுமே. அணையைக் கட்டி உடைத்துப் பார்க்க முடியாது. எனவே பழைய கணக்கில் எத்தகைய மழை எத்தனை நாள் பெய்தது என்று பார்த்து, அதே விகிதத்தில், சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு கணிப்பொறிக்குள் ஒவ்வொரு நாளும் மழை பெய்விப்பார்கள். நூறு நாளில் மூன்று நாள் கனமழை என்றால், 00 முதல் 99 வரையுள்ள எண்களில் 00, 01, 02 விழும் நாள்கள் கனமழை நாள்கள். இப்படி ஆயிரம் ஆண்டுகள் ஓட்டி, எத்தனை முறை நீர் அணையைத் தாண்டியது என்று எண்ணுவார்கள். பிறகு அகலத்தைச் சிறிது மாற்றி மறுபடியும் ஓட்டுவார்கள். ஆபத்து குறைந்ததும் செலவு தாங்கக்கூடியதுமான அகலம் எதுவோ அதுவே தேர்ந்த வடிவம். பாலத்தின் தூணானாலும், விமானத்தின் இறக்கையானாலும் வழி ஏறத்தாழ இதுவே.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. அணையை உடைப்பது ஒரு நாள் மழையன்று. அடுத்தடுத்து மூன்று நாள் கொட்டும் மழைதான் உடைக்கும். கணிப்பொறி உதிர்க்கும் எண்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது ஒழுங்காகவே இருந்து, மூன்று மூன்றாகச் சேரும்போது ஏதோ ஒளிந்த விதியால் கனமழை மூன்று நாள் தொடர்வதே இல்லை என்று ஆகிவிட்டால்? திரையில் அந்த அணை ஆயிரம் ஆண்டும் உடையாது. உண்மை அணையோ ஒரு ஐப்பசியில் உடையும். கீழே இருக்கும் ஊருக்கு யார் விடை சொல்வது?

இது வெறும் அச்சம் அன்று. 1960-களில் ஐ.பி.எம். கணிப்பொறிகளோடு வந்த ராண்டு என்னும் சமவாய்ப்பு எண் நிரல் உலகெங்கும் பயன்பட்டது. ஒற்றையாகப் பார்த்தால் அதன் எண்கள் நன்றாகவே தோன்றின. மூன்று மூன்றாக எடுத்து ஒரு கனசதுரப் பெட்டிக்குள் புள்ளிகளாக வைத்தால், அவை பெட்டியெங்கும் பரவாமல் பதினைந்தே தளங்களில் அடுக்காகப் படிந்தன. இத்தகைய நிரல்களின் குறையை ஜார்ஜ் மர்சாலியா 1968-இல் வெளிப்படுத்தினார். ஒன்றொன்றாக எண்ணியது போதும் என்று விட்டதன் விளைவு அது. இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் பாடம், போரலும் பிள்ளையும் பயின்ற பாடமே.

பொறியாளர்கள் பிள்ளையவர்களின் கட்டுரையைப் பார்த்துத் தங்கள் சோதனைகளை அமைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முடிவற்ற எண்ணுக்கு உரிய தேற்றம் வேறு. கணிப்பொறியின் முடிவுள்ள பட்டியல் வேறு. ஆனால் ஒழுங்கின்மை என்றால் என்ன என்பதை ஐயமின்றிச் சொல்லும் இலக்கணத்தைச் செதுக்கியவர்களுள் அன்னாரும் ஒருவர். இலக்கணம் இல்லாமல் பிழை எது என்று எவ்வாறு காண்பது?

கல்கத்தாவும் கடைசிப் பயணமும்

1941-இல் பிள்ளையவர்கள் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஓராண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கு கணிதத் துறைக்குத் தலைமை வகித்தவர் நாஜிகளின் கொடுமையால் ஜெர்மனியை விட்டு வந்த பிரீட்ரிக் லெவி. போரும் பஞ்சமும் வங்காளத்தை வாட்டிய ஆண்டுகளில் பிள்ளையவர்கள் அங்கு பணியாற்றினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்தார். ஆராய்ச்சி மாணவராக நுழைந்த இடத்துக்குப் புகழ்பெற்ற அறிஞராக மீண்டார்.

1950-இல் இரு பெரும் அழைப்புகள் கூடி வந்தன. ஒன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கூடிய உலகக் கணித மாநாடு. 1940-இலேயே அங்கு நடைபெற்றிருக்க வேண்டிய மாநாடு அது. போரினால் பத்தாண்டு தள்ளிப்போயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக அதில் கலந்துகொள்ள வேண்டும். மற்றொன்று, பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆய்வு செய்யும் வாய்ப்பு. ஐன்ஸ்டைன் வாழ்ந்துகொண்டிருந்த இடம் அது. எண் கோட்பாட்டில் ஸீகலும் செல்பெர்கும் அங்கு இருந்தார்கள்.

வான் நாய்மன் தம் கணிப்பொறியைக் கட்டிக்கொண்டிருந்ததும் அதே நிறுவனத்தில்தான். அதற்கு முந்திய ஆண்டு, 1949-இல், எனியாக் என்னும் கணிப்பொறியைக் கொண்டு, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் பை என்னும் எண்ணை 2,037 தசம இடங்கள் வரை கணக்கிட்டிருந்தார்கள். அந்த இலக்கங்கள் ஒழுங்கின்றிப் பரவியுள்ளனவா என்று அறிய விரும்பியவர் வான் நாய்மன். முதல் இரண்டாயிரம் இலக்கங்களை எண்ணிச் சோதித்த கட்டுரை 1950-இல் வெளிவந்தது. பை ஓர் இயல்நிலை எண்தானா என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. பத்தாண்டு முன்னர்ச் சிதம்பரத்தில் பிள்ளையவர்கள் கையாண்ட பொருளும், பிரின்ஸ்டனில் அப்போது எழுந்திருந்த கேள்வியும் அடுத்தடுத்த வீடுகள்போல் இருந்தன. அங்கு போய்ச் சேர்ந்திருந்தால் என்னென்ன விளைந்திருக்கும் என்று பேசுவது வீண். போய்ச் சேரவில்லை என்பதே வரலாறு.

1950 ஆகஸ்ட் 31-ஆம் நாள் கெய்ரோவிலிருந்து புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் எகிப்திய மண்ணிலேயே விழுந்து எரிந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளையவர்களும் அவர்களுள் ஒருவர். வயது நாற்பத்தொன்பது. ஹார்வர்டில் மாநாடு முந்திய நாளே தொடங்கிவிட்டது. தென்னாட்டுப் பிரதிநிதியின் இருக்கை வெறுமையாகவே இருந்தது.

இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணிப்பொறி வந்தது 1955-இல். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு அது வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 வகைப் பெருங்கணிப்பொறி 1973-இல் நிறுவப்பட்டது. பிள்ளையவர்கள் வாழ்நாள் முழுதும் கைக்கணக்கிலேயே கழித்தவர். அன்னாரின் கட்டுரைகள் பல ஏடுகளில் சிதறிக் கிடந்தன. ஆர். பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும் அவற்றைத் தொகுக்க, 2010-இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன.

முடிவுரை

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். கலைக் கல்லூரியில் கணக்குப் படித்து என்ன செய்வது? வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. நம் வீடுகளின் நிலை அறிந்தவர் எவரும் அதனை இகழ மாட்டார். ஆனால் எனக்கு இப்போது சொல்ல ஒரு விடை உண்டு. நண்பனின் திரையில் மறுகால் பாயும்போது, அந்த மழையை நம்பலாமா என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எண்ணை எண்ணுக்காகவே பயின்றவராக இருக்க வேண்டும். பயன் கருதி மட்டும் படிப்பவர்க்கு, நன்றாகத் தோன்றும் பட்டியலை ஐயுறும் பொறுமை வாய்ப்பது அரிது. பயன் வந்து சேரப் பத்தாண்டும் ஆகலாம், ஐம்பதாண்டும் ஆகலாம். விதைத்தவர் இருக்கும்போதே விளையும் என்ற உறுதியும் இல்லை.

சாஸ்திரியாரை மறந்துவிடக் கூடாது. வாரிங் கணக்கைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பாரோ என்னவோ! தம் முன் அமர்ந்திருந்த தாயற்ற சிறுவனின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைப் போன்ற ஆசிரியர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. தேர்வுக் கட்டணம் கட்ட இயலாத மாணவனை யாரும் அறியாமல் அழைத்துக் கையில் பணம் வைப்பவர்கள். பெயர் சொன்னால் கோபிப்பார்கள், எனவே சொல்லவில்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஏப்ரல் 5-ஆம் நாளை நம் கணித மன்றம் எஸ். எஸ். பிள்ளை நாளாகக் கொண்டாடலாம். பெரிய மேடையும் மாலையும் வேண்டா. 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களைக் கரும்பலகையில் எழுதி, முதலாண்டு மாணவரைக் காரணி காணச் சொன்னால் போதும். அடுத்த முறை குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வல்லம் வழியாகப் பேருந்தில் போகும்போது, அவர்களுள் ஒருவராவது சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்.